விளைச்சல் அப்படியே இருக்கிறது, உரம் மட்டும் ஏறுகிறது: இந்த மண் இன்னும் எத்தனை காலம் தாங்கும்?

கேள்வி: நாலு ஏக்கரில் ஏழெட்டு வருஷமாக மக்காச்சோளத்துக்குப் பின் மக்காச்சோளம்தான். இதில் இரண்டு ஏக்கர் குத்தகை நிலம். விளைச்சல் குறையவில்லை. ஆனால் முன்பு ஏக்கருக்கு இரண்டு மூட்டை யூரியா போட்ட இடத்தில் இப்போது மூன்று மூட்டை தேவைப்படுகிறது. போர் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கிறது. பாய்ச்சினால் தண்ணீர் சீக்கிரம் இறங்குவதில்லை, காய்ந்ததும் மேல்மண் பொருக்குத் தட்டி இறுகிவிடுகிறது. ரசாயன உரத்தை அடியோடு நிறுத்திவிட்டால் சரியாகிவிடுமா?

பதில்: உரத்தை இந்தப் பருவத்திலேயே நிறுத்தாதீர்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

ஒரு நிலம் நீடிக்குமா என்பதை விளைச்சலை வைத்து மட்டும் சொல்ல முடியாது. அதே விளைச்சலை எடுக்க ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு அதிகம் போட வேண்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். யூரியா இரண்டிலிருந்து மூன்று மூட்டையாகியும் மகசூல் அப்படியே நிற்கிறது என்றால், மண் தன் பங்குக்குக் கொடுத்துவந்த சத்து குறைந்துவிட்டது, அந்தக் குறையை நீங்கள் மூட்டையால் ஈடுகட்டுகிறீர்கள் என்று பொருள்.

முதலில் வீட்டிலேயே ஒரு சோதனை. வயலின் மேல்மண்ணிலிருந்து பட்டாணி அளவில் நன்கு காய்ந்த கட்டி ஒன்றை எடுத்து, கண்ணாடித் தம்ளரில் மழைத் தண்ணீர் ஊற்றி, மெதுவாக உள்ளே விடுங்கள். கலக்கக் கூடாது. போர் தண்ணீரும் கூடாது, அதிலுள்ள உப்பு முடிவை மறைத்துவிடும். கட்டி உடையாமல் நின்றால் நல்லது. சில நிமிடத்தில் பொலபொலவென்று உதிர்ந்து, தண்ணீர் மட்டும் தெளிவாக இருந்தால், துகள்களைப் பிடித்துவைக்கும் மக்குப் பொருள் போதவில்லை. சில மணி நேரம் கழித்துக் கட்டியைச் சுற்றிப் பால் போலக் கலங்கினால் விஷயம் வேறு: சோடியம் ஏறி மண் களராகிக்கொண்டிருக்கிறது. உங்கள் வயலில் தண்ணீர் தேங்குவதற்கு இந்த இரண்டில் எது காரணம் என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும். இதைப் பார்க்காமல் ஜிப்சம் வாங்கிக் கொட்டுவது வீண் செலவு.

அடுத்து மண்ணோடு தண்ணீரையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். மண்ணைச் சோதிக்கிறவர்களில் பலர் தண்ணீரை விட்டுவிடுகிறார்கள். லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு என்றால் நாக்குக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒரு பருவத்தில் 500 மில்லிமீட்டர் பாய்ச்சினால் ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர் போகிறது. அதாவது 2 டன் உப்பை நீங்களே வயலில் கொண்டுபோய் வைக்கிறீர்கள். பயிர் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பில் பெரும்பகுதியை மண்ணிலேயே விட்டுவிடும். நல்ல மழை பெய்து அதை வேருக்குக் கீழே கழுவி இறக்க வேண்டும். தண்ணீர் இறங்காத நிலத்தில் அதுவும் நடக்காது. அறிக்கையில் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறனை (EC, dS/m அலகில்) பாருங்கள். 0.7-க்குள் இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை நம்பிப் பயிர்த்திட்டம் போடக் கூடாது. இடையில் இருந்தால் வடிகால் நன்றாக இருக்க வேண்டும். மண்ணின் கார அமில நிலை 8.5-க்கு மேல் போயிருந்து, தம்ளரும் கலங்கியிருந்தால், ஆய்வகம் சொல்லும் அளவு ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் தேக்கி வடிக்க வேண்டும். பிறகு பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழலாம். சோடியம் மிகாமல் உப்பு மட்டும் ஏறிய உவர் நிலத்துக்கு ஜிப்சம் வேண்டாம், கழுவி வடித்தாலே போதும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ரசாயன உரம்தான் மண்ணைக் கொல்கிறது என்று ஒரே போடாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1843-இல் தொடங்கிய கோதுமைப் பரிசோதனை இன்றும் நடக்கிறது. அங்கே ஆண்டுதோறும் தொழு உரம் பெறும் பாத்தியும் நன்றாக விளைகிறது, எல்லாச் சத்தும் சமன்பட ரசாயன உரமாகப் பெறும் பாத்தியும் விளைகிறது. எதுவுமே போடாத பாத்தி ஹெக்டேருக்குச் சுமார் ஒரு டன்னோடு நிற்கிறது. ஆனால் மக்குச் சத்து கூடியது தொழு உரப் பாத்தியில்தான். அதே நிலையத்தின் புல்வெளியில் அம்மோனியம் சல்பேட்டைச் சுண்ணாம்பு இல்லாமல் தொடர்ந்து போட்ட பாத்திகள் கடும் அமில மண்ணாகிவிட்டன. ஒரே உரத்தை நம்பி ஓட்டினால் இப்படித்தான் எங்காவது இடிக்கும்.

உங்கள் நிலத்துக்கே கணக்குப் போடுங்கள். ஏக்கருக்கு 3 டன் மணி எடுத்தால் அதோடு சுமார் 45 கிலோ தழைச்சத்து வெளியேறுகிறது. ஒரு டன் தொழு உரத்தில் இருப்பது சுமார் 5 கிலோ, அதுவும் முதல் ஆண்டிலேயே முழுதாகக் கிடைக்காது. ஆக ஏக்கருக்கு 9 டன்னாவது வேண்டும். அவ்வளவு எரு கைவசம் இல்லாமல் யூரியாவை நிறுத்தினால் முதல் பருவத்திலேயே அடி விழும். கால் பங்கு குறைத்துப் பாருங்கள். மிச்சத்தை மூன்று தவணையாகப் பிரித்து, தண்ணீர் தேங்காத நேரத்தில் கொடுங்கள். தேங்கிய தண்ணீரில் தூவிய யூரியாவில் நல்ல பங்கு காற்றோடு போய்விடும், ஒருவேளை உங்கள் மூன்றாவது மூட்டை அங்கேதான் போகிறதோ என்னவோ.

அறுவடைக்குப் பின் மக்காச்சோளத் தட்டையை என்ன செய்கிறீர்கள் என்று எழுதவில்லை. எரிப்பதாக இருந்தால் இந்தப் பருவத்தோடு நிறுத்துங்கள். மக்காச்சோளம் எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பங்கு தட்டையில்தான் நிற்கிறது. கரிமச்சத்தோ எரித்தால் பெரும்பாலும் புகையாகிவிடும். நறுக்கி உழுதுவிட்டு மூன்று நான்கு வாரம் இடைவெளி கொடுங்கள். உடனே விதைத்தால் தட்டையை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை இழுத்துக்கொண்டு இளம்பயிர் மஞ்சளடிக்கும். பலன் ஒரே ஆண்டில் தெரியாது. ஒரு ஏக்கரின் மேல் 15 சென்டிமீட்டர் மண் சுமார் 900 டன் எடை. கரிமச்சத்தை 0.1 சதவீதம் ஏற்ற 900 கிலோ கரிமம் மண்ணில் தங்க வேண்டும், போடுவதில் பெரும்பகுதி மட்கிக் காற்றில் போய்விடும். 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு என்று கொள்ளுங்கள்.

மூன்று பருவத்துக்கு ஒருமுறையாவது உளுந்தோ தட்டைப்பயறோ போடுங்கள். பூக்கும் சமயத்தில் செடியை மண்ணோடு பெயர்த்து, வேர்முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. புழுவும் களையும் ஒரே பயிருக்குப் பழகிப்போவதையும் இது உடைக்கும்.

மோட்டார் ஓடும் நேரத்தை இனி குறித்துவையுங்கள். அதே பரப்புக்கு ஆண்டுதோறும் நேரம் கூடினால் நீர்மட்டம் இறங்குகிறது. அமெரிக்காவில் ஒகலாலா நிலத்தடி நீரை ஊறுவதைவிட வேகமாக இறைத்த சில பகுதிகள் மீண்டும் மானாவாரிக்கே திரும்ப வேண்டியதாயிற்று. போரின் ஆழத்தைக் கூட்டுவதற்கு முன் பாசனப் பரப்பைக் குறைப்பது பற்றி யோசியுங்கள்.

குத்தகை இரண்டு ஏக்கரைத் தனியாக வைத்துப் பாருங்கள். அடுத்த வருஷம் கையில் இருக்குமா என்று தெரியாத நிலத்தில் ஜிப்சமும் வண்டி வண்டியாக எருவும் யாரும் போட மாட்டார்கள், அதில் தவறும் இல்லை. அங்கே தட்டையை மடக்கி உழுவது, பயறு போடுவது என்று அந்தப் பருவத்திலோ அடுத்ததிலோ பலன் திரும்புகிற வேலையோடு நில்லுங்கள். பரிசோதனை அறிக்கையைக் காட்டி நில உரிமையாளரிடம் பேசுங்கள். நாலைந்து வருஷத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் கொடுத்தாலோ, ஜிப்சம் செலவில் பாதியை ஏற்றாலோ மட்டும் அந்த நிலத்தைச் சீர்திருத்தும் வேலையைத் தொடங்குங்கள்.