கிளென்வேயில் கழுகு தென்படுமா?

கேள்வி: டப்ளினில் பணிபுரியும் மகளைப் பார்க்கச் செப்டம்பர் கடைசியில் நானும் என் மனைவியும் செல்கிறோம். டொனிகாலில் உள்ள கிளென்வே தேசியப் பூங்காவுக்கு ஓமா வழியாகக் காரில் அழைத்துச் செல்வதாக மகள் சொல்கிறாள். அங்கே பொன்னிறக் கழுகைப் பார்க்க முடியுமா? அறுபதைத் தாண்டிய நாங்கள் சதுப்பு நிலத்தில் நடக்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: முதலில் பயண வழியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஓமா இருப்பது பிரிட்டனுக்கு உட்பட்ட வட அயர்லாந்தில். எல்லையில் சோதனைச் சாவடி இல்லாததால் பலரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இந்தியக் கடவுச்சீட்டும் அயர்லாந்து விசாவும் வைத்திருப்பவர், அந்த விசாவில் 'பி.ஐ.வி.எஸ்.' (BIVS – பிரிட்டன், அயர்லாந்து இரண்டுக்கும் செல்லும் விசாத் திட்டம்) என்ற குறிப்போ தனியாகப் பிரிட்டன் விசாவோ இல்லாமல் அங்கே நுழையக் கூடாது. அந்தக் குறிப்பு இல்லையென்றால் ஸ்லைகோ, டொனிகால் நகரம், லெட்டர்கென்னி வழியாகச் செல்லுங்கள்; சுற்றுவழிதான், என்றாலும் அயர்லாந்துக் குடியரசைவிட்டு எங்கும் வெளியேறாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயர்லாந்திலிருந்தே அற்றுப்போன பொன்னிறக் கழுகை, ஸ்காட்லாந்திலிருந்து குஞ்சுகளாகக் கொண்டுவந்து 2001 முதல் இப்பூங்காவில் விடுவித்தார்கள். எண்ணிக்கை இன்னும் மிகக் குறைவு. கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போகும் பருவத்துக்கு உரியவை செம்மான்கள்தாம். இணைசேரும் காலம் அப்போதுதான் தொடங்கும் என்பதால், சேற்றில் புரண்டு உடலெல்லாம் கறுத்த ஆண் மான்கள் ஒன்றையொன்று மிரட்டிக் கரகரத்த குரலில் அலறுவது மலைச்சரிவெங்கும் கேட்கும். கிட்டே போகாமல் இருநோக்காடியில் பாருங்கள்.

சதுப்பு நிலத்தைப் பொறுத்தவரை, போட்ட பாதையைவிட்டு இறங்காதவரை அச்சமில்லை. அமிலத்தன்மையுள்ள நீரில் ஆக்சிஜன் இல்லாததால் செத்த பாசியும் புல்லும் முழுதாக மட்காமல், ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில் படிந்து உருவான நிலம் அது. பளிச்சென்ற பச்சையில் பாசி மெத்தைபோல் தெரியும் இடங்களில்தான் நீர் அதிகம். அங்கே காலை வைத்தால் முழங்கால்வரை இறங்கிவிடும். சத்தற்ற இந்த மண்ணில் பூச்சிகளைப் பிடித்து உண்டு வாழும் அழுகண்ணி இனச் செடி, இலை வாடாமல் இருந்தால், பாதையோரத்திலேயே தென்படும்: விரல்நகம் அளவு வட்ட இலை, அதன் விளிம்பில் சிவந்த மயிர்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒட்டும் துளி.

காரைப் பார்வையாளர் மையத்திலேயே நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து ஏரிக்கரையோரமாகக் கோட்டைவரை செல்லும் ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர் பாதை சமதளமானது. உங்கள் இருவருக்கும் அதுவே ஏற்றது. (1861இல் 244 பேரைக் குடியிருந்த வீடுகளிலிருந்து வெளியேற்றிய நிலக்கிழார் ஜான் ஜார்ஜ் அடேர் பின்னாளில் கட்டிய கோட்டை அது என்பதை வழிகாட்டிகள் மறைப்பதில்லை.) போகும்போது நடந்து, திரும்பும்போது பூங்காவின் பேருந்தில் வந்துவிடுங்கள்.