வாசகர் கேள்வி பதில்: சாலைப் பாதுகாப்பு யார் பொறுப்பு?

கேள்வி: சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து ஈரச்சந்தைக்குச் செல்ல, கார் நிறுத்துமிட வாயிலையும் அதை அடுத்துள்ள இருவழிச் சாலையையும் 76 வயதான என் தாயார் தினமும் கடக்க வேண்டியுள்ளது. வாகனங்கள் வேகமாக வருவதால் வேகத்தடை அமைக்கும்படி நகர மன்றத்துக்கு எழுதினேன். அது தங்கள் பொறுப்பில் இல்லை என்று பதில் வந்தது. லண்டன் ஈஸ்ட் ஹாமில் வசிக்கும் என் தங்கையோ, அங்கே உள்ளூர் மன்றமே இவற்றைச் செய்கிறது என்கிறாள். மாதந்தோறும் கட்டணம் செலுத்தும் எங்களுக்கு ஏன் இந்த நிலை?
- ஒரு வாசகி

பதில்: உங்கள் தங்கை சொன்னதும் சரி, நகர மன்றம் சொன்னதும் சரி. 'மன்றம்' என்ற பெயர்தான் பொது, பணிகள் வேறு. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, தங்கள் பகுதியில் நிகழும் விபத்துகளை ஆராய்ந்து அவற்றைத் தடுக்க நடவடிக்கை எடுக்கும் கடமையை உள்ளூர் மன்றங்களுக்கு விதித்துள்ளது. ஈஸ்ட் ஹாமின் குடியிருப்புத் தெருக்கள் நியூஹாம் மன்றத்தின் பொறுப்பில் இருப்பவை. கவுன்சில் வரி, மத்திய அரசின் மானியம், லண்டன் போக்குவரத்து அமைப்பு வழங்கும் நிதி ஆகியவற்றைக் கொண்டு அத்தகைய மன்றங்கள் செலவு செய்கின்றன. ஆனால் மானியம் குறைந்தால் பாதுகாப்பும் தடுமாறும். 2010ஆம் ஆண்டு சாலைப் பாதுகாப்பு மானியம் வெட்டப்பட்டபோது ஆக்ஸ்ஃபர்ட்ஷியரில் நிலையான வேகக் கேமராக்கள் அணைக்கப்பட்டு, 2011 ஏப்ரலில்தான் மீண்டும் இயங்கத் தொடங்கின.

அதே 1988ஆம் ஆண்டில் இங்கே இயற்றப்பட்ட நகர மன்றச் சட்டம் வேறொரு தேவைக்காகப் பிறந்தது. அரசு அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பேட்டைகளில் உள்ள பொது இடங்களை, அதாவது மின்தூக்கிகள், தாழ்வாரங்கள், புளோக்குகளின் கீழ்த்தளங்கள் போன்றவற்றைப் பராமரிப்பதே நகர மன்றத்தின் வேலை. நீங்கள் செலுத்தும் சேவை, பராமரிப்புக் கட்டணத்தில் குறைந்தது 26 விழுக்காட்டை எதிர்காலப் பெரும் பழுதுபார்ப்புக்கான நிதியிலும், 14 விழுக்காட்டை மின்தூக்கிகளை மாற்றுவதற்கான நிதியிலும் மன்றம் சேர்க்க வேண்டும். எஞ்சியது துப்புரவு, விளக்கு போன்ற அன்றாடச் செலவுகளுக்குப் போகிறது. பொதுச் சாலைக்கு அதில் இடமில்லை. அது நாடாளுமன்றம் ஒப்புதல் தரும் வரவுசெலவுத் திட்டத்தின் வழியாக, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பணியாக நடக்கிறது. கார் நிறுத்துமிடமும் அதன் வாயிலும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தவை. வேகமாக ஓட்டுவோரைப் பிடிப்பது போக்குவரத்துக் காவல்துறை.

ஆக, உங்கள் தாயாரின் சில நிமிட நடையில் மூன்று அமைப்புகளின் எல்லைகள் குறுக்கிடுகின்றன. அந்த எல்லைகள் தரையில் எழுதப்பட்டிருக்கவில்லை, ஒரு மூதாட்டி அவற்றை அறிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பொறுப்பு தங்களுடையதல்ல என்று எழுதியவர்கள் அது யாருடையது என்பதையும் எழுதி, உங்கள் கடிதத்தை அங்கே அனுப்பியும் வைத்திருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. இந்த அலைச்சலைக் குறைக்கவே 2014இல் நகராட்சிச் சேவைகள் அலுவலகமும், 2015இல் ஒன்சர்வீஸ் செயலியும் தொடங்கப்பட்டன. செயலியில் இடத்தைக் குறித்துப் படத்துடன் பதிவு செய்தால் அது உரிய அமைப்புக்குச் செல்லும்.

வாயிலையும் சாலையையும் ஒரே புகாரில் கலக்காமல், தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். எந்த நேரத்தில் முதியோர் அதிகம் கடக்கின்றனர், பேருந்து நிறுத்தம் எவ்வளவு தொலைவில் உள்ளது, ஓட்டுநரின் பார்வையைச் செடியோ தூணோ மறைக்கிறதா என்பனவற்றை ஒரு வாரம் கவனித்து எழுதுங்கள். செடிதான் காரணமென்றால், அதைக் கத்தரிக்கும்படி நகர மன்றத்தையே கேட்கலாம். வேகத்தடைதான் வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டாம். ஆம்புலன்சுக்கும் அது தடைதான். உங்கள் வட்டாரத்தில் மூத்தோர் அதிகமென்றால், 2014 முதல் மூத்தோரின் சாலைப் பாதுகாப்புக்காக அமைக்கப்பட்டுவரும் 'சில்வர் ஸோன்' குறித்துக் கேளுங்கள். அங்கே வேக வரம்பு மணிக்கு 40 கிலோமீட்டராகவும், இயன்ற இடங்களில் 30 ஆகவும் குறைக்கப்படுகிறது. சாலை வளைத்துக் குறுக்கப்பட்டு, நடுவில் நின்று இரு கட்டமாகக் கடக்கவும் இடம் தரப்படுகிறது. முதியோர் எண்ணிக்கையோடு அவர்கள் சிக்கிய விபத்துகளின் பதிவும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்கப்படுகிறது. ஆனால் உங்கள் சாலையில் இதுவரை யாருக்கும் அடிபடாதது காத்திருப்பதற்குக் காரணமாகிவிடக் கூடாது. அதனால்தான் உங்கள் ஒரு வாரக் குறிப்பு மதிப்புள்ளது. உள்ளூர்த் தெருக்களை நடப்பவர்களுக்குப் பாதுகாப்பானதாக்க 2023இல் ஐந்து வட்டாரங்களில் அறிவிக்கப்பட்ட 'ஃபிரெண்ட்லி ஸ்ட்ரீட்ஸ்' திட்டம் குடியிருப்பாளர்களின் கருத்தைக் கேட்டே வகுக்கப்படுகிறது. 2030க்குள் எல்லாக் குடியிருப்பு நகரங்களுக்கும் அதை விரிவுபடுத்துவது நோக்கம். அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குச் சென்று இதை முன்வையுங்கள்.

அதுவரை, அருகில் 'கிரீன் மேன் பிளஸ்' வசதியுள்ள சமிக்ஞை விளக்கு இருந்தால், சற்றுச் சுற்றானாலும் அந்த வழியே தாயாரை அழைத்துச் செல்லுங்கள். மூத்தோர் சலுகை அட்டையைக் கருவியில் வைத்தால் கடப்பதற்கு 3 முதல் 13 வினாடிகள் வரை கூடுதலாகக் கிடைக்கும்.

கேள்வி: வேகக் கேமராவில் சிக்குவோர் கட்டும் அபராதம் அந்தச் சாலைக்கே செலவிடப்படுகிறதா?
- ஒரு வாசகர்

பதில்: இல்லை. அது அரசாங்கத்தின் திரட்டு நிதியில் சேர்கிறது. இங்கிலாந்திலும் வேக அபராதம் மன்றத்துக்குச் செல்லாமல் தேசியக் கருவூலத்துக்கே போகிறது. இதுவே முறை என்று கருதுகிறேன். அபராதம் அதிகம் வசூலாகும் சாலையும் முதியோர் அஞ்சிக் கடக்கும் சாலையும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது.