ஒளிநாடா, இறுவட்டு, இணையவழிப் படம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கிளிநொச்சியில் நெடுங்காலமாக வீடியோ டெக், கசெட் றெக்கோடர், இறுவட்டு இயக்கி ஆகியவற்றைத் திருத்தி வருகின்றேன். வீட்டில் படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் எதைக் கைவசம் வைத்திருப்பது, எதை இணையத்திடம் விடுவது என்று வன்னியின் பல ஊர்களிலிருந்தும் கேட்டவர்களுக்கு இங்கே பதில் தருகின்றேன்.

விசுவமடுவிலிருந்து ஒரு தாயார்: எமது திருமண வீடியோக் கசெட்டை 2009 இல் பொலித்தீனில் சுற்றிப் புதைத்துவிட்டுச் சென்றோம். மீளக்குடியேறிய பின் தோண்டி எடுத்தோம். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. டெக்கில் போட்டுப் பார்க்கலாமா?

தயவுசெய்து போடாதீர்கள், அம்மா. அது பூஞ்சணம். ஒளிநாடா என்பது பொலியெஸ்டர் பட்டியின் மேல் காந்தத் துகளைப் பசையால் பிடித்துவைத்த பொருள். அந்தப் பசை ஈரத்தை உறிஞ்சும், ஈரம் உள்ள இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். டெக்கினுள் நாடாவைப் படிக்கும் உருளை நிமிடத்துக்கு 1500 தடவை சுழல்கின்றது. அதில் பூஞ்சணம் ஒட்டினால் நாடா சிக்கிக் கிழியக்கூடும். அடுத்து அதே டெக்கில் போடும் நல்ல கசெட்டையும் அது பற்றிக்கொள்ளும்.

கசெட்டைக் காற்றோட்டமுள்ள நிழலில் சில நாட்கள் உலரவிட்டு, முகக்கவசம் அணிந்துகொண்டு, அடிப்புறத்தில் உள்ள ஐந்து திருகாணிகளையும் கழற்றி, இரண்டு சுருள்களையும் சுத்தமான வேறொரு கூட்டுக்குள் மாற்றி, நாடாவை மெல்லச் சுற்றியபடியே தும்பு விடாத துணியால் துடைக்க வேண்டும். அதன் பின் முதற்றடவை ஓட்டும்போதே கணினியில் பதிந்துவிட வேண்டும். முதலில் பார்த்துவிட்டுப் பிறகு பதியலாம் என்று இருந்தால் இரண்டாவது தடவை கிடைக்காமலே போகலாம். டெக் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்திவிட்டது. இன்று ஓடுகின்றவை எல்லாம் பழையவையே.

இன்னொன்று: உங்களிடம் உள்ள ஒரே பிரதியைக் கடையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். பக்கத்தில் இருந்து பதிவாக்கிக் கையோடு கொண்டுபோங்கள். என் அக்காவின் சாமத்தியவீட்டுக் கசெட்டை நாங்கள் அப்படிக் கொடுத்துத்தான் தொலைத்தோம்.

முல்லைத்தீவிலிருந்து ஒருவர்: ரொறன்ரோவிலிருந்து அண்ணன் அனுப்பிய டீவீடீக்கள் இங்கே ஓடவில்லை.

கடையில் வாங்கிய படமாயின் வலயப் பூட்டு, அதாவது உலகின் ஒரு பகுதியில் விற்ற இறுவட்டை அந்தப் பகுதியின் இயக்கியில் மட்டும் ஓடவிடும் ஏற்பாடு, காரணம்: கனடா வலயம் 1, இலங்கை வலயம் 5. எல்லா வலயத்தையும் ஏற்கும் இயக்கி தேவை. வீட்டில் எழுதிய டீவீடீயாயின் பூட்டு இராது. எழுதியவர் பதிவை முடித்துவைக்காமல் (ஃபைனலைஸ் செய்யாமல்) எடுத்திருப்பார். எழுதிய அதே இயந்திரத்தில் அதனை முடித்துத்தரச் சொல்லுங்கள்.

பூநகரியிலிருந்து ஒருவர்: பூஞ்சணம் பிடித்த கசெட்டை வெயிலில் காயவிடலாமா?

விசுவமடுத் தாயாருக்கு எழுதியதைப் படியுங்கள். நிழல் என்றுதான் எழுதியிருக்கிறேன். வெயிலில் கூடு நெளியும்.

வவுனியாவிலிருந்து ஓர் ஆசிரியை: எந்த நிறுவனத்தின் தொலைக்காட்சியை வாங்கலாம்? இணையத்தில் 4கே என்று வருவதும் இறுவட்டில் வரும் 4கேயும் ஒன்றுதானா?

எந்தத் தொலைக்காட்சி என்பதை அவற்றைத் திருத்துபவரிடம் கேளுங்கள். அது என் வேலை அன்று. இரண்டாவது கேள்விக்குப் பதில்: ஒன்று அல்ல. நெட்ஃபிளிக்ஸ் தரும் கணக்குப்படி 4கே படம் மணிக்கு 7 கிகாபைட் வரை எடுக்கும். இரண்டு மணி நேரப் படம் 14 கிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். 4கே புளூரே இறுவட்டோ 100 கிகாபைட் வரை கொள்ளும். இருண்ட காட்சிகளிலும் மழை, புகை வரும் இடங்களிலும் அந்த வேறுபாடு பெரிய திரையில் தெரியும். 32 அங்குலத் திரைக்கு அதற்காகச் செலவழிக்க வேண்டாம்.

மாங்குளத்திலிருந்து ஓர் இளைஞர்: ஐயா, எங்கள் வீட்டில் இறுவட்டு இயக்கியே இல்லை. போனும் டேட்டாவும் போதும். இணையத்தில் உள்ள படம் மழைக்கு நனையாது, இடப்பெயர்வில் தொலையாது. நீங்கள் ஏன் பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

தம்பி, உங்கள் வாதத்தின் பாதியை நான் மனமார ஏற்கிறேன். ஒருமுறை பார்த்துவிட்டு விடுகின்ற படத்துக்கு இணையமே போதும். இடப்பெயர்வைப் பற்றி நீங்கள் சொல்வதும் மெய். 2009 இல் முள்ளிவாய்க்கால் வரை போனவர்களால் கசெட்டுப் பெட்டியைச் சுமந்திருக்க முடியாது.

ஆனால் இணையத்தில் காசு கொடுத்து "வாங்கிய" படம் பெரும்பாலும் உங்களுக்குச் சொந்தமானதன்று. நீங்கள் பெறுவது பார்ப்பதற்கான அனுமதி மட்டுமே, அதனை மீளப் பெறவும் முடியும். 2009 இல் அமேசன் நிறுவனம், வாசகர்கள் விலை கொடுத்து வாங்கிய சில மின்னூல்களை அவர்களுடைய கருவிகளிலிருந்தே அழித்தது. 2019 இல் மைக்ரோசொஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கிய நூல்கள் திறக்காமற் போயின. பணம் திரும்பி வந்தது, நூல் வரவில்லை. உங்கள் அலுமாரியில் உள்ள இறுவட்டை எவரும் தூரத்தில் இருந்து அழிக்க முடியாது.

அதற்காக இறுவட்டு என்றென்றும் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. தொழிற்சாலையில் அச்சிட்டது வேறு, கடையில் எழுதித் தந்தது வேறு. எழுதும் டீவீடீயில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப்படலம். வெளிச்சமும் தகரக்கூரையின் வெக்கையும் அதனைக் கெடுக்கும்.

ஒட்டுசுட்டானிலிருந்து இன்னொருவர்: இந்த வாதத்தில் நானும் சேர்கிறேன். கல்யாணவீட்டு வீடியோவை யூடியூப்பில் ஏற்றிவிட்டால் இருவரின் கவலையும் தீர்ந்துவிடுமே?

தீராது. ஏற்றும்போது படம் மறுபடியும் சுருக்கப்படும். அதைவிட முக்கியமானது, எமது திருமண வீடியோக்களில் பின்னணியாகச் சினிமாப் பாட்டுச் சேர்ப்பது வழக்கம். யூடியூப்பின் தானியங்கி முறை அந்தப் பாட்டை அடையாளம் கண்டால், உரிமையாளர் விரும்பியபடி வீடியோ முடக்கப்படலாம். உறவினருக்குக் காட்ட ஏற்றுங்கள். மூலக் கோப்பை இரண்டு வன்தட்டுகளில் வைத்து, ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவினரிடம் கொடுத்துவையுங்கள். மாங்குளத்துத் தம்பிக்கும் இதையே சொல்கிறேன்: புதிய படங்கள் எங்காவது கிடைக்கும், உங்கள் ஊர்க் கோயிலில் ஆடிய கூத்தின் பதிவு எந்தச் சேவையிலும் கிடைக்காது.

நெடுங்கேணியிலிருந்து: பென் ட்ரைவில் வைத்தால் போதாதா?

போதாது. அது கொண்டுபோவதற்கு, வைத்திருப்பதற்கன்று.

முள்ளியவளையிலிருந்து: பூஞ்சணம் பிடித்த கசெட்டை ஒருமுறை மட்டும் ஓட்டிப் பார்த்தால்…

வேண்டாம். இதே கேள்வியை எழுதிய மற்றவர்களும் முதற் பதிலைப் படிக்கவும்.

தர்மபுரத்திலிருந்து ஒரு மகள்: அப்பா பேசிப் பதிந்த ஓர் ஒலிநாடா மட்டும் இருக்கிறது. அவர் இப்போது இல்லை. நாடா நடுவில் அறுந்துவிட்டது.

அறுந்த நாடாவை ஒட்டலாம், மகள். சாதாரண செலோரேப்பைப் பயன்படுத்தாதீர்கள். அதன் பசை கசிந்து அடுத்த சுற்றுகளையும் ஒட்டிவிடும். ஒலிநாடா ஒட்டுவதற்கென்றே மெல்லிய பட்டி உண்டு. இரு நுனிகளையும் சரிவாக வெட்டிப் பொருத்தி, ஒலித்தலையில் படாத பின்புறத்தில் மட்டும் ஒட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் போவது அரை நொடிக்கும் குறைவான பேச்சே. உங்களுக்குக் கை நடுங்குமானால் என்னிடம் கொண்டுவாருங்கள். நான் ஒட்டும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். அவர் குரலைப் பதிந்து எடுத்துக்கொண்டு, நாடாவையும் கையோடு கொண்டுபோகலாம்.