ஹெல்மெட்டைப் பாத்தவங்க காரைப் பாக்கல

கேள்வி: ஹெல்மெட் இல்லாம சைக்கிள் ஓட்டுறத காட்டுனதுக்காக பிரிட்டன்ல ஒரு டிவி விளம்பரத்தையே தடை பண்ணாங்களாமே? இங்கயும் அந்த மாதிரி கண்டிப்பு வந்தா என்ன? உயிர் மேல அக்கறை இருந்தா சைக்கிளுக்கும் ஹெல்மெட்ட சட்டம் போட்டு கட்டாயமாக்க வேண்டியதுதானே?

பதில்: நீங்க படிச்சது நடந்ததுதான், ஆனா பாதிதான் உங்க கைக்கு வந்திருக்கு. 2014 ஜனவரி கடைசியில அங்க விளம்பரத் தர ஆணையம் தடை பண்ணுச்சு, ஒரே கூச்சல் கிளம்புச்சு, சில நாள்லயே அந்த உத்தரவ அவங்களே வாபஸ் வாங்கி மறு ஆய்வுக்கு அனுப்புனாங்க, ஜூன்ல விளம்பரத்துல தப்பே இல்லன்னு தீர்ப்ப மாத்திட்டாங்க.

அது சைக்கிளிங் ஸ்காட்லாந்துங்குற அமைப்பு எடுத்த விளம்பரம். கார் ஓட்டுறவங்கள பாத்துத்தான் அது பேசுது. ரோட்ல குதிரை போனா எப்படி வேகத்தக் குறைச்சு, நல்லா இடம் விட்டுத் தாண்டுவீங்களோ அதே மாதிரி சைக்கிளையும் தாண்டுங்கன்னு. அந்த நாட்டு கிராமத்து ரோட்ல குதிரை சவாரி இன்னைக்கும் சகஜம், குதிரை மிரண்டுடும்னு கார்க்காரங்க தானா ஒதுங்கிப் போவாங்க, அதனால சட்டுனு புரியுற உவமை.  கடைசி காட்சியில ஒரு பொண்ணு, தலையில ஒண்ணும் இல்லாம, லேன் நடுவாக்குல சாதாரணமா மிதிச்சுட்டுப் போகுது, பின்னாடி வர்ற கார் எதிர் லேனைத் தொடுற அளவுக்கு வலது பக்கம் விலகி தாண்டிப் போகுது. அந்தக் கார் விலகுறதுதான் மொத்த விளம்பரமும்.

புகார் பண்ணவங்க அஞ்சே பேர். ஹெல்மெட் இல்ல, ரோட்டு நடுவுல போகுதுன்னு. விளம்பரத் தர ஆணையம் (இது அரசாங்க அமைப்பு இல்ல, விளம்பரத் தொழில் காசுல நடக்குற சுயகட்டுப்பாட்டு அமைப்பு) அதை அப்படியே ஏத்துக்கிட்டு, இனிமே ஹெல்மெட் போட்டவங்களத்தான் காட்டணும்னு சொல்லிடுச்சு. அந்த நாட்டுச் சட்டத்துல சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயமே இல்ல, ஹைவே கோடுங்குற அவங்க சாலை விதிப் புத்தகத்துல அது வெறும் அறிவுரைதான். அதே ஹைவே கோட்ல 163வது விதி, ஒரு காரைத் தாண்ட எவ்வளவு இடம் விடுவீங்களோ அவ்வளவு சைக்கிளுக்கும் விடுங்கன்னு அப்பவே சொல்லுச்சு. ஆக விதிப்படி நடந்துக்கிட்ட காரைக் காட்டுன படத்த, விதியே இல்லாத ஒரு காரணத்துக்காக நிறுத்தப் பாத்தாங்க. எனக்கு இதுதான் பொறுக்கல.

ஓரமா போகாம நடுவுல ஏன் போகணும்னு கேப்பீங்க. போன மாசம் நான் சைக்கிள்ல ஓரமாத்தான் போனேன், நின்னுட்டிருந்த கார்லேர்ந்து படார்னு கதவு திறந்துச்சு, ஹேண்டில்பார் நுனி கதவுல மாட்டி அப்படியே வலது பக்கம் சாய்ஞ்சேன், பின்னாடி வந்த ஷேர் ஆட்டோ என் முட்டிக்கு ஒரு முழம் தள்ளி கிறீச்சுனு நின்னுச்சு. ஆட்டோக்காரர் இறங்கி என்னத் தூக்கி விட்டாரு, கதவத் திறந்தவரு ஹெல்மெட் போட்டிருக்கீங்கள்ல, ஒண்ணும் ஆகலல்லன்னு கேட்டாரு. ஆமா, போட்டிருந்தேன். எப்பவுமே போடுவேன்.

ஹெல்மெட் வேண்டாம்னு நான் சொல்றதா நினைக்காதீங்க. 40 ஆய்வுகள ஒண்ணாச் சேத்து 2016ல வந்த ஒரு பெரிய ஆய்வு, விபத்துல மாட்டுனவங்கள்ல ஹெல்மெட் போட்டவங்களுக்கு பலத்த தலைக்காயம் 69 சதவீதம் கம்மின்னு சொல்லுது, சின்ன விஷயம் இல்ல. ஆனா அது எதுக்காக செஞ்ச பொருள்னு ஒரு தடவை கையில எடுத்துப் பாருங்க, மேல மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் ஓடு, உள்ள நம்ம தெர்மோகோல் அதே சாதிதான், கொஞ்சம் இறுக்கமா இருக்கும். ஐரோப்பாவோட 1078ஆம் நம்பர் தரச் சோதனையில பொம்மைத் தலையில மாட்டி ஒன்றரை மீட்டர் உயரத்துலேர்ந்து போடுறாங்க, தட்டையான இரும்புல மோதுறப்ப வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் கூட இருக்காது. சைக்கிள்லேர்ந்து விழுற தலைக்கு அது சரி. அறுபதுல வர்ற லாரி இடிச்சா காப்பாத்தணும்னு யாரும் அதை செய்யல.

கட்டாயச் சட்டம் போட்ட ஊரும் இருக்கு. ஆஸ்திரேலியாவோட விக்டோரியா மாநிலம் 1990 ஜூலைல கொண்டு வந்துச்சு, உலகத்துலயே முதல்ல அங்கதான். அடுத்த வருஷமே மெல்போர்ன்ல எண்ணிப் பாத்தப்ப சைக்கிள் ஓட்டுற டீனேஜ் பசங்க நாப்பது சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருந்தாங்க. நெதர்லாந்து வேற வழியில போச்சு, 1971ல அங்க ரோட்டுல செத்தவங்க 3,000க்கும் மேல, அதுல 400க்கும் மேல குழந்தைங்க, பெத்தவங்க தெருவுக்கு வந்து குழந்தைக் கொலைய நிறுத்துங்கன்னு போராடுனாங்க. கிடைச்சது ஹெல்மெட் சட்டம் இல்ல. தனிப் பாதை, வேகக் குறைப்பு, கார் நுழையாத தெரு. இன்னைக்கும் அங்க அம்மாக்கள் வெறும் தலையோடதான் புள்ளைய முன்னாடி உக்கார வச்சு ஓட்டுறாங்க.

நம்ம மோட்டார் வாகனச் சட்டத்துல ஹெல்மெட் பிரிவு பைக்குக்குத்தான், சைக்கிளுக்கு இல்ல. அதைச் சைக்கிளுக்கும் நீட்டுனா முதல்ல மாட்டப் போறது யாரு? நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்ற செக்யூரிட்டி அண்ணன், பால் போடுறவரு, அரசாங்கம் குடுத்த சைக்கிள்ல ஸ்கூலுக்குப் போற புள்ளைங்க. அவங்கள ஓரங்கட்டி ஃபைன் போடுற நேரத்துல பக்கத்துலயே ஒரு பஸ் இன்னொரு சைக்கிள உரசிட்டுப் போகும்.

பிரிட்டன்ல 2022 ஜனவரியில ஹைவே கோட்டையே திருத்திட்டாங்க. சைக்கிளைத் தாண்டுறப்ப முப்பது மைல் வேகம் வரைக்கும் குறைஞ்சது 1.5 மீட்டர் தள்ளிப் போகணும், அதுக்கு மேல போனா இன்னும் தள்ளிப் போகணும், கூட்டம் இல்லாத ரோட்ல சைக்கிள்காரங்க லேன் நடுவுலயே போகலாம். அன்னைக்கு அந்தப் பொண்ணு எங்க ஓட்டுச்சோ அங்கதான்.

ஹெல்மெட் போடுங்கன்னு விளம்பரம் வரட்டும், நானே இந்தப் பக்கத்துல போடுறேன். கட்டாயச் சட்டம் வேணாம், வெறும் தலையக் காட்டுனதுக்காக தடையும் வேணாம். அந்த ஒன்றரை மீட்டர நம்ம பஸ் டிரைவருக்கும் கார்க்காரருக்கும் சொல்ற ஒரு தமிழ் விளம்பரத்துக்கு நீங்க ரெண்டு வரி எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ்லயே இடம் தர்றேன்.