பிரெஞ்சு எடுத்தால் மார்க் வரும், பேச்சு வருமா?

கேள்வி: மகளுக்குச் சென்னையில் பி.காம். இடம் கிடைத்திருக்கிறது. பிளஸ் டூ தமிழில் 94 எடுத்தவள். மொழிப் பாடமான பகுதி ஒன்றில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தால் அலுங்காமல் 90 வாங்கலாம் என்று சீனியர்கள் சொல்கிறார்களாம். அவள் அப்பாவோ, "டி.என்.பி.எஸ்.சி. எழுதப்போகிறவள், தமிழை விடாதே" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- ஒரு வாசகி, காரிமங்கலம்

பதில்: சீனியர்கள் பொய் சொல்லவில்லை அம்மா. நானே சாட்சி. காவேரிப்பட்டணத்திலிருந்து தகரப் பெட்டியோடு சென்னைக்குப் போய், பகுதி ஒன்றில் பிரெஞ்சு எடுத்தவன். கடைசித் தேர்வில் 92. எப்படி என்று கேளுங்கள். பாடப் பத்திகளின் ஆங்கில மொழிபெயர்ப்பை வரிசையாக உருப்போட்டு வைத்திருந்தேன். கேள்வித்தாளில் முதல் இரண்டு சொல்லைப் பார்த்ததும் எந்தப் பத்தி என்று தெரிந்துவிடும். மீதியைக் கை தானாக எழுதும். இரண்டு வருஷத்தில் வகுப்பில் நான் வாய் திறந்து பேசிய பிரெஞ்சு, வருகைப் பதிவுக்குச் சொன்ன 'ப்ரெஸான்' ஒன்றுதான்.

அதன் பலனைப் பல வருஷம் கழித்து அனுபவித்தேன். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலைக்குப் பிரான்சிலிருந்து ஒருவர் வந்திருந்தார். "சார் பிரெஞ்சு படிச்சவரு" என்று என்னைக் கூட்டிப்போய் நடுவில் உட்காரவைத்துவிட்டார்கள். எத்தனை டிரம் வேண்டும் என்பதற்கு அவர் "கத்ர வேன் தீசெத்" என்றார். நான் நோட்டில் 4, 20, 17 என்று எழுதிக்கொண்டு, மூன்று ரகத்துக்கு மூன்று கணக்கு போல என்று விளக்கமும் கொடுத்தேன். அவர் கேட்டது 97 டிரம். பிரான்சில் எண்பதுக்குத் தனிச் சொல் கிடையாது, 'நாலு இருபது' என்பார்கள். 97 என்றால் நாலு இருபதும் பதினேழும். பாடப்புத்தகத்தில் இருந்ததுதான், காதில் விழுந்ததில்லை. அவரே நோட்டை வாங்கி, அடித்து, 97 என்று எழுதித் தந்தார்.

அப்புறம் ஒரு பழத்தைக் காட்டி "மாங்க்" என்றார். அது மட்டும் உடனே புரிந்தது. புரியாமல் என்ன? நம் பக்கத்து மாங்காய்தானே போர்ச்சுக்கீசியர் வாயில் 'மங்கா' ஆகி, பிரான்சுக்குப் போய் 'மாங்க்' ஆனது! அங்கே அது பெண்பால் வேறு, 'லா மாங்க்'. அங்கே போன நம் வெட்டிவேரோ ஆண்பால், 'ல வெத்திவேர்'.

உங்கள் வீட்டுக்காரர் கவலைக்கு வருகிறேன். தேர்வாணையத்தின் தமிழ்த் தகுதித் தேர்வு பத்தாம் வகுப்புத் தரத்தில்தான், 40 சதவீதம் எடுத்தாக வேண்டும். குரூப் 4-ல் அந்த மார்க் தரவரிசைக்கும் சேரும் என்பதால் பழக்கம் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளட்டும். பிரெஞ்சு எடுத்தாலும் கல்லூரிப் பாடத்தின் நான்காம் பகுதியில் கொஞ்சம் தமிழ் வரும்.

எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிவது வேறு. சென்னையில் ஆறாம் வகுப்பிலிருந்தே பிரெஞ்சு படித்த பிள்ளைகள் அதே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். 'அரிச்சுவடியிலிருந்து சொல்லித்தருவீர்களா?' என்று சேரும் முன்பே துறையில் கேட்டுவிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் என்னைப் போல மூன்றாம் பெஞ்சில் மனப்பாடம்தான் கதி. எடுத்தால், இரண்டாம் வருஷம் முடிவதற்குள் டெல்ஃப் என்கிற பிரெஞ்சுத் திறன் தேர்வின் ஆரம்பப் படியான ஏ1 எழுதிவிட வேண்டும். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25. மொத்தம் 50 வந்தால் தேர்ச்சி. ஆனால் எதிலாவது 5-க்குக் கீழே போனால் காலி. அங்கே உருப்போட்டது எடுபடாது. நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் பிரெஞ்சு சொல்லித்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது, போய் விசாரிக்கட்டும். இதற்கெல்லாம் மனசில்லை, மார்க் மட்டும்தான் வேண்டும் என்றால் தமிழிலேயே இருக்கட்டும். 94 எடுத்தவளுக்கு மார்க்குக்கா பஞ்சம்?

கேள்வி: டிப்ளமா முடித்து ஓசூரில் வேலை பார்க்கிறேன். மாலையில் ஜப்பானிய மொழி படிக்க ஆசை. ரொம்பக் கஷ்டம் என்று பயமுறுத்துகிறார்கள்.
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: பேச்சுக்குப் பயப்படாதீர்கள் தம்பி. 'வாத்தாஷி வா மாங்கோ ஓ தாபெமாஸ்' என்றால் 'நான் மாம்பழத்தைச் சாப்பிடுகிறேன்'. வினை கடைசியில் வருகிறது, 'ஐ' உருபு இருக்கும் இடத்தில் 'ஓ' நிற்கிறது. சொல்லுக்குச் சொல் தமிழ் வரிசை. கஷ்டம் எழுத்தில்தான். 46 அடிப்படை எழுத்துகள் கொண்ட வரிசை இரண்டு, அதற்கு மேல் காஞ்சி என்கிற சீன எழுத்துகள். ஜே.எல்.பி.டி. என்கிற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்5 தான் முதல் படி. ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும். ஒன்று கவனியுங்கள்: அதில் பேச்சுத் தேர்வே கிடையாது, முழுக்க விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். சான்றிதழ் கையிலிருந்தும் வாய் திறக்காதவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் ஜாதி!

கேள்வி: வீட்டில் தெலுங்கு பேசுவோம், எழுதப் படிக்கத் தெரியாது. பயோடேட்டாவில் போடலாமா?
- ஒரு மாணவி, வேப்பனப்பள்ளி

பதில்: தாராளமாக, 'பேச மட்டும்' என்று. ஆனால் எழுத்தைக் கற்க ஒரு விடுமுறை போதும். குப்பம் போகும் ஆந்திரா பஸ் போர்டில் ஆரம்பியுங்கள். தெலுங்கு, கன்னடம் இரண்டு எழுத்தும் ஒரே ஜாடை என்பதால், பெங்களூரு பஸ் போர்டும் பாதி புரிந்துவிடும்.