சுபேதார் பதில்கள்: ஊட்டி சாலையில் ஒரு பெயர்

கேள்வி: குன்னூரிலிருந்து ஊட்டி போகும் வழியில், வெலிங்டன் பக்கம் ஒரு பாலத்துக்கு மானெக்‌ஷா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அருகில் சிலையும் இருக்கிறது. யார் இவர் என்று என் மகள் கேட்டாள். 1971 போரில் ஜெயித்தவர் என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் அந்த ஊர்க்காரர், பட்டாளத்திலும் இருந்தவர். சொல்லுங்களேன்.
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: 1971-ஐக் கடைசியில் சொல்லுங்கள். முதலில், அப்பாவிடம் கோபித்துக்கொண்டு பட்டாளத்துக்குப் போன பையன் என்று ஆரம்பியுங்கள். சாம் மானெக்‌ஷா 1914 ஏப்ரல் 3 அன்று அமிர்தசரஸில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா டாக்டர். தானும் டாக்டராக வேண்டும், லண்டனுக்கு அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறார். தனியாக அவ்வளவு தூரம் போகிற வயசு இல்லை என்று அப்பா மறுத்துவிட்டார். அந்தக் கோபத்தில் டேராடூன் ராணுவ அகாடமித் தேர்வை எழுதினார். 1932-இல் அகாடமி தொடங்கியபோது சேர்ந்த முதல் அணியில் அவரும் ஒருவர்.

அப்புறம் பர்மா. 1942 பிப்ரவரியில் சிட்டாங் ஆற்றுப் பாலத்தருகே ஜப்பானியரோடு நடந்த சண்டையில் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் அவர் வயிற்றைத் துளைத்தன. இனிப் பிழைக்க மாட்டார் என்று நினைத்த மேலதிகாரி கோவன், தன் மார்பில் இருந்த மிலிட்டரி கிராஸ் ரிப்பனைக் கழற்றி இவருக்குக் குத்தினார். இறந்துபோனவருக்கு அந்தப் பதக்கம் கொடுக்கும் வழக்கம் அப்போது இல்லை, அதனால் அந்த அவசரம். இந்தக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் ரத்தம் கொட்டக் கிடந்தவரைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போய்ச் சேர்த்தது ஷேர் சிங் என்ற சிப்பாய். உங்கள் மகளுக்கு அந்தப் பெயரும் தெரியட்டும்.

எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்தது வேறு ஓர் இடத்தில். அது எங்கள் வெலிங்டன். 1950-களின் கடைசியில் ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் இங்குள்ள ஸ்டாஃப் காலேஜுக்கு அவர் தலைமை அதிகாரியாக வந்தார். மனதில் பட்டதை மறைக்காமல் பேசுகிறவர். அன்றைய பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. நாட்டுப்பற்று இல்லாதவர் என்கிற மாதிரி குற்றச்சாட்டுகளை அடுக்கி அவர் மேல் விசாரணை வைத்தார்கள். பட்டாளத்தில் இருந்தவனுக்குத்தான் தெரியும், குண்டடியைவிட இது எவ்வளவு வலிக்கும் என்று. பர்மாவில் உயிரைப் பணயம் வைத்தவரைப் பார்த்து, நீ விசுவாசமானவனா என்று கேட்டார்கள். லெப்டினன்ட் ஜெனரல் தௌலத் சிங் தலைமையிலான விசாரணைக் குழு, குற்றம் எதுவும் இல்லை என்று சொன்னது. ஆனாலும் பதவி உயர்வு நின்றுபோன நிலைதான்.

அந்த நேரத்தில்தான் 1962 சீனப் போர் வந்தது. வடகிழக்கில் படைகள் சிதறிப் பின்வாங்கின. அங்கே நான்காவது கோர் என்ற படைப்பிரிவின் தளபதியாக இருந்த ஜெனரல் கௌல் போக, தேஜ்பூருக்கு அனுப்பப்பட்டவர் மானெக்‌ஷா. எழுத்தில் உத்தரவு இல்லாமல் யாரும் பின்வாங்கக் கூடாது, அப்படி ஓர் உத்தரவு வரவே வராது என்று போனவுடன் அறிவித்தார். துவண்டு கிடந்த ஜவான்களுக்கு அந்த ஒரு பேச்சு முதுகை நிமிர்த்தியது.

இனி 1971. அன்றைய கிழக்கு பாகிஸ்தானான வங்காளத்திலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் வந்துகொண்டிருந்த ஏப்ரல் மாதம், பிரதமர் இந்திரா காந்தி அமைச்சரவைக் கூட்டத்துக்கு அழைத்து, உடனே நடவடிக்கை வேண்டும் என்றார். இப்போது முடியாது என்று அப்போது ராணுவத் தளபதியாக இருந்த மானெக்‌ஷா பதில் சொன்னார். கிழக்கே மழைக்காலம் தொடங்கினால் ஆறுகள் கடலாகிவிடும், வடக்கே கணவாய்கள் திறந்திருக்கும், சீனா வந்தால் இரண்டு பக்கமும் சமாளிக்க வேண்டும், டாங்கிகளும் தயாராக இல்லை. வேண்டுமானால் ராஜினாமா செய்கிறேன், ஆனால் எனக்கு அவகாசம் கொடுத்தால் வெற்றி நிச்சயம் என்றார். இதை அவரே பிற்காலத்தில் பல உரைகளில் சொல்லியிருக்கிறார். டிசம்பர் 3 அன்று போர் தொடங்கியது, 16 அன்று டாக்காவில் சரணாகதி. சரணாகதியை வாங்கிக்கொள்ள அவர் போகவில்லை, கிழக்குக் கட்டளைத் தளபதி ஜகஜீத் சிங் அரோராவை அனுப்பினார்.

பாகிஸ்தான் தரப்பில் சுமார் 93,000 பேர் கைதிகளாக நம் கையில் வந்தார்கள். அவர்களைக் கண்ணியமாக நடத்த வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். பெண்கள் பக்கம் ஒருவன் கையும் போகக் கூடாது என்று தன் ஆட்களுக்குச் சொல்லி அனுப்பியவர். என்னைக் கேட்டால், வெற்றியோடு சேர்த்து இதையும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

1973 ஜனவரியில் ஃபீல்டு மார்ஷல் பட்டம், நாட்டிலேயே முதல் ஆள். அதே மாதம் தளபதி பொறுப்பிலிருந்து ஓய்வு. டெல்லியிலோ பம்பாயிலோ இருந்திருக்கலாம். ஆனால் தன் மேல் விசாரணை வந்தபோது இருந்த இதே மலைக்குத் திரும்பி வந்து, குன்னூரில் வீடு எடுத்து, தோட்டம் போட்டு, 35 வருடம் எங்களில் ஒருவராக வாழ்ந்தார். மனதில் கசப்பு வைத்திருந்தவர் இங்கே வந்திருக்க மாட்டார்.

கேள்வி: அப்துல் கலாம் ஆஸ்பத்திரியில் மானெக்‌ஷாவைப் பார்த்து, ஒரே வாரத்தில் தனி விமானத்தில் சம்பள பாக்கியை அனுப்பினார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, உண்மையா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: குடியரசுத் தலைவராக இருந்தபோது கலாம் அவரை வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் வந்து பார்த்தது உண்மை. 2007-இல் பாதுகாப்புச் செயலாளர் சேகர் தத் ஒரு கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட காசோலையை அவரிடம் கொடுத்ததும் உண்மை. விமானத்தை விட்டுவிடுங்கள். ஃபீல்டு மார்ஷல் பதவிக்கு ஓய்வு கிடையாது, முழுச் சம்பளம் உண்டு. அந்த உரிமைத் தொகை முப்பது வருடத்துக்கும் மேலாக வந்து சேரவில்லை. நீங்கள் இதை யாருக்காவது அனுப்புவதாக இருந்தால், அந்த முப்பது வருடத்தை எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: அவருடைய இறுதிச் சடங்குக்குப் பெரிய தலைவர்கள் யாரும் வரவில்லை என்கிறார்களே?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: ஆமாம். 2008 ஜூன் 27, நள்ளிரவு தாண்டியதும் வெலிங்டன் மருத்துவமனையில் 94 வயதில் காலமானார். ஊட்டி பார்சி இடுகாட்டில், 2001-இல் மறைந்த மனைவி சில்லூவின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். மத்திய அரசின் சார்பில் வந்தவர் பாதுகாப்புத் துறை இணை அமைச்சர் பல்லம் ராஜு. முப்படைத் தளபதிகளும் நேரில் வரவில்லை. துக்க நாளும் அறிவிக்கவில்லை. இது எனக்கு இன்னும் ஆறவில்லை. தளபதி வெளிநாட்டில் இருந்தார் என்பது போன்ற காரணங்களை நான் ஏற்க மாட்டேன். ஓர் ஏழைச் சிப்பாயின் வீட்டுச் சாவுக்கே அவன் ரெஜிமெண்ட்டிலிருந்து ஆள் வருவார்கள்.

கேள்வி: என் அப்பா ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். போன தை மாதம் இறந்துவிட்டார். வருஷத் திதிக்குள் அவரைப் பற்றிச் சின்னதாக ஒரு புத்தகம் போட்டு உறவுக்காரர்களுக்குக் கொடுக்க ஆசை. ஆனால் அப்பா பட்டாளத்தைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை. எங்கே ஆரம்பிப்பது?
— ஒரு வாசகி, கம்மவான்பேட்டை, வேலூர் மாவட்டம்

பதில்: நல்ல காரியம் செய்கிறீர்கள் அம்மா. உங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள். நீங்கள் ஆரம்பித்தால் பக்கத்து வீட்டிலும் எழுதுவார்கள்.

முதலில் டிரங்குப் பெட்டியைத் திறந்து அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் தேடுங்கள். அவருடைய நம்பர், சேர்ந்த தேதி, யூனிட், பதவி உயர்வு, பதக்கம் எல்லாம் அதில் இருக்கும். பிறகு பதக்கங்களை எடுத்து விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். நம்பரும் பெயரும் பொறித்திருப்பார்கள். 1971-இல் சர்வீஸில் இருந்தவர் என்றால் சங்கிராம் மெடல் இருக்கலாம். பூர்வி ஸ்டார் இருந்தால் கிழக்கு முனையில் இருந்திருக்கிறார், பஷ்சிமி ஸ்டார் என்றால் மேற்கில். அப்பா வாய் திறந்து சொல்லாததை அந்தத் தகடு சொல்லிவிடும்.

புத்தகம் கிடைக்கவில்லை என்றால் அவருடைய ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், பீரங்கிப் படை என்றால் நாசிக். நம்பர் தெரியாவிட்டால் பென்ஷன் ஆர்டரில் இருக்கும். வேலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, கடிதம் எழுதுவதற்கு உதவுவார்கள்.

காகிதம் இவ்வளவுதான் தரும். மீதிக்கு ஆட்களைத் தேடுங்கள். அப்பாவின் செக்‌ஷனில் இருந்தவர்களில் இன்னும் சிலராவது உயிரோடு இருப்பார்கள். பழைய குரூப் போட்டோவின் பின்பக்கம் பெயர்கள் எழுதியிருக்கும். அவர்களிடம் போரைப் பற்றிக் கேட்காதீர்கள், பேச மாட்டார்கள். மெஸ்ஸில் என்ன சாப்பிட்டார், லீவு கிடைக்காத பொங்கலன்று என்ன செய்தார், யாருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார், யாரைத் தூக்கிக்கொண்டு வந்தார், இவரை யார் தூக்கி வந்தார்கள் என்று கேளுங்கள். அந்தப் பெயர்கள் எல்லாவற்றையும் புத்தகத்தில் போடுங்கள். அம்மா இருந்தால் அவர் தனியாக வீட்டை நடத்திய வருடங்களுக்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்குங்கள். ஒரு பிரதி எனக்கும் அனுப்புங்கள், பத்திரிகை முகவரிக்குப் போட்டால் வந்து சேரும்.