அப்பாரு பேரா, நவநீத்தா?

கேள்வி:

வணக்கம் மேடம். என் மகனுக்குப் பத்து மாதம் முடியப் போகிறது, பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடம் இன்னும் காலியாகவே கிடக்கிறது. ஆனால் வீட்டில் அவனுக்கு இரண்டு பெயர். என் அம்மா ஒன்று சொல்லிக் கூப்பிடுகிறார், மனைவி வீட்டில் வேறொன்று. நான் இரண்டையும் சொல்லாமல் தங்கம், கண்ணு என்று எதையாவது சொல்லிச் சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.

சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளாவில் இருந்தாலும் எங்களுக்குப் பேச்சு, கடை, கோயில், பால் சொசைட்டி எல்லாம் தமிழ்தான், நானும் பத்தாவது வரை தமிழ் மீடியம். பிளஸ் டூவுக்குத்தான் பாலக்காடு டவுனுக்குப் போனேன், இப்போது குடியிருப்பதும் அங்கேதான். மனைவி ஒற்றப்பாலம் பக்கத்து மலையாளக் குடும்பம். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும்போது பழக்கம், இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு அப்புறம் சம்மதித்தார்கள். மொழியால் எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை, அவள் மலையாளத்தில் திட்டுவாள், நான் தமிழில் பதில் சொல்வேன், நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்பா பெயர் பழனிச்சாமி. குழந்தை பிறப்பதற்குச் சில மாதம் முன்னால் தவறிவிட்டார், தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் திரும்பி வரவில்லை, மாரடைப்பு. எங்கள் பக்கம் மூத்த பேரனுக்கு அப்பாரு பெயர் வைப்பது வழக்கம் என்பதால் அம்மா இதை ஒரு கேள்வியாகவே நினைக்கவில்லை. பிரசவம் மனைவி வீட்டில். இருபத்தெட்டாம் நாள் அங்கே நூலுகெட்டு நடத்தினார்கள். அரைஞாண் கட்டி, ஒரு காதை வெற்றிலையால் மூடி, இன்னொரு காதில் மூன்று தடவை பெயர் சொல்வார்களே, அதில் என் மாமனார் நவநீத் என்று சொல்லிவிட்டார். மனைவி கர்ப்பமாக இருக்கும்போதே பார்த்து வைத்த பெயர் அது. என்னிடமும் கேட்டாள், நல்லா இருக்கு என்றுதான் சொன்னேன், ஆனால் அப்போது அப்பா இருந்தார்.

அம்மா அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்ததும் தொட்டில் போட்டு, சொந்தக்காரர்களை எல்லாம் அழைத்து, பழனிச்சாமி என்று பேர் வைத்துவிட்டார். மனைவி அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. இதில் ஒன்று சொல்ல வேண்டும், அப்பா இருந்தவரை அவர் பெயரை அம்மா வாயால் சொல்லி நான் கேட்டதில்லை, ஓட்டுப் போட வரும்போது கேட்டால்கூட என்னைச் சொல்லச் சொல்வார். இப்போது நாள் முழுக்க அந்தப் பெயர்தான்.

மனைவி சொல்வது, அந்தப் பெயரோடு இங்கே பள்ளிக்கூடம் போனால் பிள்ளைகள் கிண்டல் செய்தே கொன்றுவிடுவார்கள் என்று. எனக்குக் கோபம் வருவதே இந்த இடத்தில்தான். பிளஸ் டூ படிக்கும்போது என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, பாண்டி என்பார்கள், தமிழர்களை அங்கே இளக்காரமாகக் கூப்பிடும் பெயர் அது, இல்லையென்றால் அட்டெண்டன்ஸில் வாசிக்கும்போது கேட்ட அப்பா பெயரை இழுத்து இழுத்துச் சொல்லிச் சிரிப்பார்கள். இப்போது அதையே என் வீட்டுக்குள் கேட்கிற மாதிரி இருக்கிறது.

இது போதாதென்று மனைவியின் அம்மாவன் (தாய்மாமன்) ஒருவர், தறவாட்டுப் பெயரையும், அதாவது அவர்கள் பூர்வீக வீட்டுப் பெயரையும் முன்னால் சேர்க்க வேண்டும் என்கிறார். இனிஷியல்னா அப்பன் பேருதானே, அதென்ன வீட்டுப் பேரு என்று அம்மா. இரண்டு பக்கத்துச் சேதியும் என் வழியாகத்தான் போய்வருகிறது. ஆழியாற்றுத் தண்ணீருக்கே 1970-ல் தமிழ்நாடு, கேரளா இரண்டு சர்க்காரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், உன் வீட்டில் எப்போது என்று நண்பன் ஒருவன் கேலி செய்கிறான். கார்த்திக், ஆதித்யன் என்று இரண்டு மொழிக்கும் பொருந்துகிற பெயர்களாகத் தேடிச் சொல்லிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அதில் மட்டும் ஒற்றுமை.

ஒரு வயது முடிவதற்குள் பெயர் சேர்க்காவிட்டால் பெரிய சிக்கல் என்கிறார்கள், உண்மையா? இரண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை குழம்புமா? மனைவி இப்போதெல்லாம் அம்மா போன் செய்தால் எடுப்பதில்லை, குழந்தை தூங்கின பிறகும் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறாள், ராத்திரியில் அழுகிறாள். அப்பா பெயர் வேண்டும் என்று நினைப்பது தப்பா மேடம்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்:

தம்பி, முதலில் அந்த ஒரு வயசுப் பதற்றத்தை விடுங்கள். 1969-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, பெயரில்லாமல் பதிவான குழந்தைக்குப் பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் கிடையாது. அதைத் தாண்டினாலும் தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டு வரை சேர்க்கலாம். ஆனால் எழுதுவதை ஒரே தடவையில் சரியாக எழுதுவது நல்லது. 2023 அக்டோபர் 1-லிருந்து பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், வாக்காளர் பட்டியல் என்று எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான ஆதாரம் அந்தச் சான்றிதழ்தான் என்று சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். அவசரத்தில் ஒன்றை எழுதிவிட்டு அதைத் திருத்த அலைவது பெரிய தொந்தரவு. கூட இரண்டு மாதம் ஆனாலும் பேசி முடித்துவிட்டு எழுதுங்கள்.

குழந்தை குழம்பாது. நாலரை மாதக் குழந்தை தன் பெயரின் ஒலியை மற்றப் பெயர்களிலிருந்து பிரித்துக் கேட்கிறது என்று 1995-லேயே அமெரிக்காவில் ஆய்வு செய்து காட்டினார்கள். உங்கள் மகன் அந்தக் கட்டத்தை எப்போதோ தாண்டிவிட்டான், பாட்டி எப்படிக் கூப்பிடுவார், அம்மும்மா (மலையாளப் பாட்டி) எப்படிக் கூப்பிடுவார் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படியாகத்தான் இருக்கும். மலையாள வீட்டில் உண்ணி, குட்டன், தமிழ் வீட்டில் சாமி, ராசா என்று நாலைந்து பெயரோடு வளராத பிள்ளை எங்கே இருக்கிறது? ஒரு பெயரைச் சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் முகம் மாறுகிறதே, அதுதான் அவனுக்குப் புரியாது. நாளாக ஆக அது நல்லதல்ல.

இப்போது உங்களைப் பற்றி. அம்மா என்ன சொன்னார், மாமனார் என்ன சொன்னார், அம்மாவன் என்ன சொன்னார் என்று கடிதம் முழுக்க இருக்கிறது. நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று தேடினால் கார்த்திக், ஆதித்யன்தான் கிடைக்கிறது. அது உங்களுக்கு வேண்டிய பெயரே இல்லை, சண்டை நின்றால் போதும் என்று சொன்னது. அப்பா பெயர் வேண்டும் என்ற உங்கள் ஆசையை மனைவியிடம் உங்கள் ஆசையாகச் சொன்னீர்களா, அல்லது அம்மா கேட்கிறாங்க என்று சொன்னீர்களா? இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். அப்படியானால் அவருக்கு இது மாமியாரின் பிடிவாதமாக மட்டும்தான் தெரியும். வகுப்பறையில் உங்களைச் சீண்டுவதற்கு எடுத்துக்கொண்டதே அந்தப் பெயரைத்தான் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்காது என்றே படுகிறது. தெரிந்திருந்தால் கிண்டல் என்ற சொல்லை அவ்வளவு சாதாரணமாக எடுத்திருக்க மாட்டார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உங்கள் மனைவி படித்ததும் அதே மாதிரி மலையாள வகுப்பறைகளில்தான். அங்கே தமிழ்ப் பிள்ளைகளை எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதை அவர் அடுத்த பெஞ்சிலிருந்து கேட்டிருப்பார், ஒருவேளை பக்கத்தில் இருந்தவர்களோடு சேர்ந்து சிரித்தும் இருப்பார், பிள்ளைப் பிராயம்தானே. தன் மகன் அந்தப் பக்கம் உட்காரப் போகிறான் என்ற பயத்தில் அவர் பேசுவது உங்கள் காதில் இளக்காரமாக விழுகிறது. என் ஊகம்தான், தப்பாகவும் இருக்கலாம், அதனால் கோபப்படாமல் கேட்டுப் பாருங்கள்: நீ படிக்கிறப்ப அப்படி யாரையாவது கூப்பிட்டாங்களா? இந்த ஒரு கேள்வியிலிருந்து பேச்சு எங்கே போகிறது என்று பாருங்கள். பெயரை அன்றைக்கு முடிவு செய்ய வேண்டாம்.

அப்பா பெயர் வேண்டும் என்று நினைப்பதில் தப்பே இல்லை. ஒரே வருஷத்தில் அப்பாவும் போய் மகனும் வந்திருக்கிறான். வயிற்றுப் பிள்ளைக்காரி வீட்டில் இருக்கிறாள் என்று யாரும் வாய்விட்டு அழுதிருக்க மாட்டீர்கள், அப்புறம் பிரசவம், பத்தியம், நூலுகெட்டு, தொட்டில் என்று ஓடியிருக்கும். அடக்கி வைத்த துக்கம் எல்லாம் வந்து உட்கார இந்த வீட்டில் ஓர் இடம்தான் கிடைத்திருக்கிறது.

அம்மாவைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதினீர்களே, அப்பா பெயரை அவர் வாயால் சொன்னதே இல்லை என்று, கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அதுதான். அந்தத் தலைமுறையில் பேரனுக்குப் புருஷன் பெயரை வைத்த பாட்டிகள்கூட அவனைச் சாமி, பெரியவனே என்று வேறு எதையாவது சொல்லித்தான் கூப்பிட்டார்கள். உங்கள் அம்மா அந்தப் பெயரை இப்போதுதான் வாய்விட்டுச் சொல்கிறார், நாள் முழுக்கச் சொல்கிறார். அதை யாரும் தடுக்காதீர்கள், உங்கள் மனைவியும் கூடாது. பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ எந்தப் பெயரை எழுதினாலும் அம்மா தன் பேரனைப் பழனிச்சாமி என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கலாம். அங்கே எழுதப் போகும் பெயரை மட்டும் பெற்றவர்கள் இரண்டு பேர் முடிவு செய்யுங்கள், மூன்றாவது ஆள் வேண்டாம்.

எழுதுவதற்கு வழிகள் உண்டு. நவநீத் பழனிச்சாமி என்று இரண்டையும் சேர்த்து எழுதலாம். கேரளத்தில் இப்போது பல பிள்ளைகளுக்குப் பின்னால் அப்பா பெயர் இருக்கிறது, அந்த இடத்தில் தாத்தா பெயர் இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. பழனி என்று சுருக்கி வைக்கலாம், பழனிக்குக் காவடி எடுத்துப் போகிற மலையாளக் குடும்பங்கள் பாலக்காட்டுப் பக்கம் எத்தனையோ இருக்கின்றன. அல்லது, முழுக்க வேறு பெயர். எதை எழுதினாலும் இனிஷியலாக விடாமல் விரித்து எழுதுங்கள், பாஸ்போர்ட்டில் எப்படியும் விரிக்கச் சொல்வார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலையும் அன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள், பழனியில் வரும் ழவுக்கு உங்கள் வீட்டில் ஓர் எழுத்தும் அவர்கள் வீட்டில் இரண்டு எழுத்தும் போடுவார்கள், அதற்கு ஒரு தனிச் சண்டை வர வேண்டாம். இதையெல்லாம் சொல்லிவிட்டேனே தவிர, எது சரி என்று நான் சொல்லப் போவதில்லை. மனைவியோடு மேலே சொன்ன பேச்சு நடப்பதற்கு முன்னால் இந்த வழிகளை எடுத்து வைத்தால் இதுவும் கார்த்திக், ஆதித்யன் மாதிரிதான் ஆகும்.

தறவாட்டுப் பெயர் கேட்டதை ஆணவம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தாய்வழியாகச் சொத்து இறங்கும் மருமக்கத்தாயக் கூட்டுக் குடும்ப முறையைக் கேரளம் 1975-ல் போட்ட சட்டத்தால் ஒழித்தது, 1976 டிசம்பரிலிருந்து நடைமுறை. சொத்து விஷயம் அதோடு முடிந்தாலும் வீட்டுப் பெயர் பல குடும்பங்களில் தாய்வழியாகவேதான் வந்துகொண்டிருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு இனிஷியல் எவ்வளவு இயல்போ அந்த அம்மாவனுக்கு வீட்டுப் பெயர் அவ்வளவு இயல்பு. உங்கள் மனைவிக்கு அது வேண்டுமா என்று யாராவது கேட்டீர்களா? பல பெண்களுக்கு அதில் பெரிய அக்கறையே இருப்பதில்லை.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளை தூங்கியும் தாய்க்குத் தூக்கம் வராதது, ராத்திரி அழுகை, இதெல்லாம் பெயர்ச் சண்டையால் மட்டும்தான் என்று நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு முதல் ஒரு வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும் வரலாம், சிகிச்சையில் சரியாகக் கூடியது. இந்த வாரமே அவரைப் பிரசவம் பார்த்த டாக்டரிடமோ மனநல டாக்டரிடமோ கூட்டிக்கொண்டு போங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், மலையாளத்திலும் பேசலாம் தமிழிலும் பேசலாம். அவர் சாக வேண்டும் போல இருக்கிறது என்றோ குழந்தையைப் பார்க்கப் பயமாக இருக்கிறது என்றோ சொன்னால் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அப்புறம், சேதி கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை இன்றைக்கே நிறுத்துங்கள். அம்மாவிடம் பேச வேண்டியதை நீங்கள் மட்டும் தனியாகப் போய்ப் பேசுங்கள், அவ சொல்றா என்ற வார்த்தையே வரக் கூடாது, நாங்க முடிவு பண்ணியிருக்கோம் என்று சொல்லுங்கள். அம்மாவன் மறுபடி கேட்டால் உங்கள் மனைவி பதில் சொல்லட்டும். அவர் மலையாளத்தில் திட்டுவார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்தத் திறமை இங்கே உதவும்.